பெட்டிக்குள் பெய்த மழை

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்கு 14 ஏக்கர் காபித் தோட்டம். அரபிகா செடி, நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. இத்தனை வருடமும் வியாபாரியிடம் கொடுத்துவிடுவோம். இந்த முறை அக்கம்பக்கத் தோட்டக்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு, 60 கிலோ சாக்கில் 300 மூட்டை பச்சைக்கொட்டையை ஒரு இருபது அடி கண்டெய்னரில் தூத்துக்குடி வழியாக ஜெர்மனிக்கு அனுப்பினோம். கடைசி 60 மூட்டை முதல் நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. விடியற்காலையில் மலையில் லாரியில் ஏற்றி, பத்து மணிக்குச் சேலத்தில் பெட்டிக்கு மாற்றினோம். அன்று மழை இல்லை. கொட்டையின் சராசரி ஈரம் 11.2 சதவீதம். தரை ஈரம் ஏறாமல் இருக்க எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக்கையே அறுத்து அடியில் பரப்பினோம். அரைக் கிலோ சிலிக்கா ஜெல் பத்து பாக்கெட் போட்டோம். ஜனவரி கடைசியில் கிளம்பிய சரக்கு மார்ச் முதல் வாரம் போய்ச் சேர்ந்தது. மேல் அடுக்கில் 22 மூட்டை நனைந்து பூசணம் பிடித்திருப்பதாகவும், அடி வரிசையில் ஐந்தாறு மூட்டை மக்கல் வாடை அடிப்பதாகவும் ஏழு படம் அனுப்பியிருக்கிறார்கள்; அவற்றை இதோடு வைத்திருக்கிறேன். பெட்டியில் ஓட்டையே இல்லை என்கிறார் கப்பல்காரர். சிலிக்கா ஜெல் போதவில்லை என்கிறார் ஏஜென்ட். தண்ணீர் எங்கிருந்துதான் வந்தது? இன்சூரன்ஸ் கிடைக்குமா? அந்த மூட்டைகளை வறுத்து விற்கச் சொல்லலாமா? இன்னொன்று: சேலத்து வாடகைக் குடோனில் எங்கள் காபித்தூள் அட்டைப்பெட்டிகள் அடியில் தொய்ந்து உட்கார்ந்துவிடுகின்றன. அதற்கும் வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

வணக்கம் அம்மா. தேதி ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடல்வழிச் சரக்கில், வெளியே தெரியாத சேதமாக இருந்தால் சரக்கை எடுத்த 3 நாளுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. அதனால் உரிமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சரக்கு ஒழுங்காகத்தான் ஒப்படைக்கப்பட்டது என்ற அனுமானம் அவர்கள் பக்கம் நிற்கும், இல்லை என்று காட்டும் பாரம் நம் தலையில் விழும், அவ்வளவுதான். வழக்குப் போடும் கெடு 1 ஆண்டு; அதைத்தான் தவறவிடக் கூடாது. எனவே ஜெர்மனியில் வாங்கியவரை இன்றே கப்பல் நிறுவனத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் கடிதம் அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயே சரக்குச் சேதத்தை மதிப்பிடும் ஒரு சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு மூட்டையையும் தூக்கிப் போடக் கூடாது. பெட்டியின் உள்கூரையைப் படம் எடுத்திருந்தால் அனுப்பட்டும். உங்கள் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் கிடைத்தால் எறியாமல் எடை போடச் சொல்லுங்கள். அரைக் கிலோ பாக்கெட் இப்போது 650 கிராம் இருந்தால், அது என்ன குடித்தது என்று தெரிந்துவிடும்.

சரி, அதை அனுப்பிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஏழு படங்களில் எனக்கு வேண்டியது மூன்றாவதில் இருக்கிறது. மேல் மூட்டைகளில் கறை திட்டுத்திட்டாகச் சிதறவில்லை; பெட்டியின் குறுக்கே வரிவரியாக விழுந்திருக்கிறது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஏறக்குறைய ஒரே இடைவெளி. கண்டெய்னர் கூரைத் தகடு மடிப்பு மடிப்பாக இருக்கும். தண்ணீர் அந்த மடிப்பின் தாழ்ந்த வரியில் கூடி, கனத்ததும் சொட்டும். ஓட்டை வழியாக வந்த தண்ணீராக இருந்தால் ஒரே இடத்தில் குளமாக இறங்கி, கீழே நாலைந்து அடுக்கு நனைந்திருக்கும். உங்களுடையதில் இரண்டாவது அடுக்கே காய்ந்திருக்கிறது. ஆகவே கப்பல்காரர் சொல்வது உண்மை. உள்ளே மழை பெய்திருக்கிறது.

கடல்தண்ணீரா என்று பார்க்க, சரக்குச் சேதம் பார்க்கும் நாங்கள் சில்வர் நைட்ரேட் கரைசலைக் கறையில் ஒரு சொட்டு விடுவோம். உப்பு இருந்தால் பால் மாதிரி வெளுக்கும். இதை நம்பி நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு மஞ்சள் சரக்கில் சொட்டு விட்டேன், பளிச்சென்று வெளுத்தது. கடல்நீர் என்று அறிக்கை எழுதிவிட்டேன். பிறகுதான் மேலே தொங்கிய ஈர உறிஞ்சிப் பையைத் தடவிப் பார்த்தேன், பிசுபிசுத்தது. அதிலிருந்தது கால்சியம் குளோரைடு. ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தானே திரவமாகி ஓட்டை வழியாக ஒழுகியிருக்கிறது. அதிலும் குளோரைடுதானே இருக்கிறது, வெளுக்காமல் என்ன செய்யும்? அறிக்கையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றிலிருந்து கறையைச் சோதிக்கும் முன் அண்ணாந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

பெட்டிக்குள் எப்படி மழை பெய்யும் என்பதை நான் கற்றுக்கொண்டது கப்பலில் இல்லை, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவ்வரிசிக் குடோனில். மார்கழி மாதம். தினமும் காலையில் மேல் அட்டி நனைந்திருக்கிறது, கூரை ஒழுகுகிறது என்று முதலாளி இரண்டு முறை ஆள் வைத்துத் தகரத்தை மாற்றிவிட்டார். மழையே பெய்யாத வாரத்திலும் நனைந்தது. ஒரு ராத்திரி அங்கேயே படுத்தேன். நாலரை மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், தகரத்தின் அடிப்பக்கம் முழுவதும் வியர்வை மாதிரி முத்து முத்தாக நிற்கிறது. ஒன்றோடொன்று சேர்ந்து ஆணித்தலையில் வந்து தொங்கி, கீழே இருக்கும் சாக்கில் டப்பென்று விழுகிறது. களத்தில் அரைகுறையாகக் காய்ந்த ஜவ்வரிசியைக் கட்டி உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பகலில் தகரம் சுட, சரக்கு ஈரத்தை மூச்சாக விட்டது. விடியற்காலையில் தகரம் குளிர, அந்த மூச்சு தண்ணீராகத் திரும்பி வந்தது. தகரத்தில் ஒரு குற்றமும் இல்லை.

உங்கள் பெட்டியில் நடந்ததும் இதேதான். தூத்துக்குடி வெயிலில் நின்ற பெட்டி, வெப்பக் கடலைத் தாண்டி, பிப்ரவரி கடைசியில் ஐரோப்பியக் குளிருக்குள் நுழைகிறது. முப்பது டிகிரிக் காற்று ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் ஈரம் தாங்கும். பத்து டிகிரியில் 9 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த இரும்பில் போய் ஒட்டும். கடலில் இருக்கும்போது நடப்பதைவிட, இறக்கிய பிறகு துறைமுக முற்றத்தில் ராத்திரிக் குளிரில் நிற்கும் நாட்களில்தான் இது அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர். சேலத்து ஜனவரிக் காற்றை அடைத்தால் அதிலிருக்கும் மொத்த ஈரம் அரை லிட்டர், ஒரு சொம்பு. அந்த அரை லிட்டரால் 22 மூட்டை நனையாது. இப்போது சரக்கைப் பாருங்கள். 300 மூட்டை, 18 டன். இதில் ஈரப்பதம் ஒரே ஒரு சதவீதம் கூடினால் 180 லிட்டர் தண்ணீர். வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் கேன் கணக்கில் ஒன்பது கேன். நல்ல வேளையாக அதெல்லாம் வெளியே வராது, கொட்டை பிடித்து வைத்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து லிட்டர் வந்தால் போதும், மேல் வரிசைக்கு முடிவு கட்டிவிடும்.

ஆக, தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை அம்மா. நீங்களே ஏற்றி அனுப்பியிருக்கிறீர்கள்.

இதில் பாதிக் குற்றவாளி அந்தச் சில்வர் ஓக். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனால் அறுத்த கையோடு பரப்பிய பலகை என்பது தண்ணீர்த் தொட்டிக்குச் சமம். பெட்டிக்குள் ஒரு 400 கிலோ பலகை இருந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் 30 சதவீதத்திலிருந்து 15-க்கு இறங்கினால் 40 லிட்டருக்குக் குறையாமல் வெளியே விடும். அடி வரிசை மூட்டை மக்கியதற்குக் காரணம் தேடி வேறெங்கும் போக வேண்டாம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் சரக்கோடு வைக்கிற மரம், அடிப்பலகையானாலும் சரி முட்டுக்கட்டையானாலும் சரி, உட்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டோ, அங்கீகரித்த வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ, முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். பூச்சி போகாமல் இருக்க உலகம் முழுக்க உள்ள விதி. முத்திரையில்லாத பலகையைப் பார்த்து அங்கே பெட்டியையே நிறுத்தியிருக்கலாம். தப்பித்தீர்கள். அந்த முத்திரை இருந்தால் மரம் காய்ந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். அது பூச்சிக்கான சான்று, ஈரத்துக்கானது இல்லை. சூடேற்றி எடுத்து மழையில் போட்ட பேலட்டை, அதாவது சரக்கு அடுக்கும் மரத்தட்டை, எத்தனையோ பார்த்திருக்கிறேன். மரத்தின் ஈரம் அளக்கும் மானியில் குத்திப் பார்த்து 18 சதவீதத்துக்கு மேல் காட்டினால் திருப்பி அனுப்புங்கள். பெட்டியின் சொந்தத் தரைப் பலகைக்கும் இதே அளவுதான், கழுவிவிட்டு அனுப்பிய பெட்டியில் தரை ஊறிக் கிடக்கும்.

மீதிக் குற்றவாளி, முதல் நாள் சாயங்காலம் வந்த அந்த 60 மூட்டை. யாருடையது என்று நான் கேட்கவில்லை, உங்கள் பக்கத்து வீட்டு உறவு கெட வேண்டாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அரபிகா அறுவடை நவம்பரிலிருந்து ஜனவரி. வடகிழக்குப் பருவமழையின் வால், மலையில் பதினோரு மணி வரை பனிமூட்டம். களத்தில் காபி காயும் நேரமே நாளைக்கு நாலு மணி, ஐந்து மணிதான். அந்த நேரத்தில் பெட்டிக்குத் தேதி குறித்துவிட்டால், கடைசியாக வருகிறவர் காய்ந்ததும் காயாததுமாகத்தான் கட்டிக்கொண்டு வருவார். நீங்கள் சராசரி ஈரம் 11.2 என்று எழுதியிருக்கிறீர்கள். 240 மூட்டை 10.6-ல் இருந்து, 60 மூட்டை 13.6-ல் இருந்தாலும் சராசரி 11.2 தான். சர்வதேச காபி அமைப்பு 12.5 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள கொட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்கிறது. அந்தக் கணக்கை மூட்டைக்குப் பார்க்க வேண்டும், பெட்டிக்குப் பார்க்கக் கூடாது. பூசணம் சராசரி பார்த்து வளர்வதில்லை.

அடுத்த வருடம் ஒவ்வொரு தோட்டத்துக் காபியையும் தனித்தனியாகக் குத்தூசி போட்டு மாதிரி எடுங்கள். மூட்டையின் வாய்ப்பக்கம் மட்டும் எடுத்தால் போதாது, நடுவயிற்றிலும் அடியிலும் எடுக்க வேண்டும். களத்திலிருந்து சூடாக அள்ளிய கொட்டையை மானியில் போடாதீர்கள், தப்பாகக் காட்டும், நிழலில் ஆறட்டும். மானியில் காபிக்கான அளவுமுறை இருக்கிறதா என்று பாருங்கள். நெல்லுக்கு வாங்கிய மானியை வைத்துக் காபியை அளப்பவர்கள் மலையில் நிறைய. மானியை நம்ப முடியவில்லையா, இதைச் செய்யுங்கள்: ஒரு கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்கு கொட்டையைப் போட்டு, காற்றின் ஈரம் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவியை உள்ளே வைத்து இறுக மூடி, நிழலில் ஒரு நாள் விடுங்கள். 65 சதவீதத்துக்குக் கீழே நின்றால் ஏற்றலாம். 70-ஐத் தொட்டால் களத்துக்குத் திரும்பட்டும், பூசணம் முளைக்க அந்த ஈரம் போதும். அந்தக் கருவியே சரியா என்ற சந்தேகம் வந்தால் அதற்கும் வழி உண்டு. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவு சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து மூடிய டப்பாவில் ஏழெட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் உங்கள் கருவி 4 கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மலையிலிருந்து இறக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், மலைக்காரர்கள் இதை யோசிப்பதே இல்லை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் காற்று எட்டு டிகிரியாவது சூடாகிவிடும். விடியற்காலையில் ஏற்றிப் பத்து மணிக்குத் திறந்தால் வித்தியாசம் இன்னும் அதிகம். மூட்டைக்குள் இருப்பது மலைக்குளிர், பதினைந்து டிகிரி. சேலத்துக் காற்று முப்பது டிகிரி, ஈரம் பாதிக்குச் சற்று மேல் என்றால், இருபது டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீர் விடும். கடையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதுதான். சணல் சாக்கு என்பதால் கண்ணுக்குத் தெரியாமல் குடித்துக்கொள்ளும். பிளாஸ்டிக் உறை போட்ட மிளகு மூட்டையாக இருந்தால் கையில் ஒட்டும். எனவே இறங்கிய சரக்கைத் தார்ப்பாயைக் கழற்றாமல் அப்படியே நிழலில் நிறுத்துங்கள். அன்று ராத்திரி குடோனில் கிடந்து, மூட்டை நடுவில் கை விட்டால் வெளிக்காற்றுக்குச் சமமான சூடு வந்த பிறகு பெட்டிக்கு ஏற்றுங்கள். ஒரு நாள் வாடகை கூடும், கூடட்டும்.

பெட்டி வந்ததும் உள்ளே ஒரு ஆளை நிறுத்திக் கதவைச் சாத்துங்கள். எங்காவது ஊசி முனை வெளிச்சம் தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். மூக்கையும் பயன்படுத்துங்கள், போன தடவை தோலோ ரசாயனமோ ஏற்றியிருந்தால் காபி அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். பிறகு சுவர் நான்கிலும் தடித்த பழுப்புக் காகிதமோ அட்டையோ ஒட்டி, மேல் அடுக்கின் மீது இரட்டைக் காகிதம் பரப்புங்கள். சொட்டும் தண்ணீரைக் காகிதம் குடித்துவிடும். இங்கே நிறையப் பேர் பாலிதீன் விரிப்பைப் போட்டு மூடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். மேலே விழுந்த தண்ணீர் பாலிதீனில் உருண்டு ஓரமாய் ஒரே மூட்டையில் கொட்டும், கீழே இருக்கும் ஈரமோ வெளியேற முடியாமல் புழுங்கும். மேல் மூட்டைக்கும் கூரைக்கும் நடுவே ஓர் அடியாவது இடம் விடுங்கள். காபி கொஞ்சம் விலை கூடிய ரகமாக இருந்தால், சணல் சாக்குக்கு உள்ளே காற்றுப் புகாத தடித்த பை போட்டு அனுப்பலாம். கிரெய்ன்புரோ என்ற பெயரில் வருவது பலருக்கும் தெரியும். சரக்கு சரியாகக் காய்ந்திருந்தால் அதைவிட நல்ல பாதுகாப்பு இல்லை. காயாததை அதில் கட்டினால் அவியும்.

இப்போது உங்கள் ஏஜென்ட் சொன்ன சிலிக்கா ஜெல். மொத்தம் 5 கிலோ போட்டீர்கள். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் இரண்டு பங்கு தண்ணீர் குடிக்கும், ஆக இரண்டு லிட்டருக்குள். பலகை மட்டுமே 40 லிட்டர் விட்ட இடத்தில் இரண்டு லிட்டர் எந்த மூலைக்கு? சிலிக்கா ஜெல் மாத்திரை டப்பாவுக்கும் கேமரா பெட்டிக்கும் ஏற்றது. கண்டெய்னருக்குக் கால்சியம் குளோரைடு பட்டைகளைத் தொங்கவிட வேண்டும். அது தன் எடைக்கு மேலேயே குடிக்கும், குடித்ததைக் கூழாக்கிப் பிடித்துக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒழுகினால் என்ன ஆகும் என்று என் மஞ்சள் கதையில் பார்த்தீர்கள். அப்போதும் ஏஜென்டிடம் ஒன்றைச் சொல்லுங்கள்: காயாத சரக்கை எந்தப் பையாலும் காய வைக்க முடியாது. நீல நிறத்தில் வரும் சிலிக்கா ஜெல்லை உணவுப் பொருளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், அந்த நீலம் கோபால்ட் உப்பு.

'மங்களூர்ப் பக்கம் காபியை வேண்டுமென்றே மழைக்காற்றில் ஊற வைத்து நல்ல விலைக்கு விற்கிறார்களே' என்று உங்களில் யாராவது கேட்பார்கள். அந்தக் காபிக்கு மான்சூன்ட் மலபார் என்று பெயர். பாய்மரக் கப்பல் காலத்தில் மாதக்கணக்கில் கடலில் கிடந்து கொட்டை உப்பி மஞ்சளித்துப் போய்ச் சேர, ஐரோப்பியர் நாக்கு அந்த ருசிக்குப் பழகிவிட்டது. இன்று அதையே கடற்கரைக் குடோன்களில், ஜூனிலிருந்து செப்டம்பர் வரை, கிளறிக் கிளறி, சாக்கு மாற்றி மாற்றி, ஆள் நின்று செய்கிறார்கள். அது கைப்பக்குவம். கண்டெய்னர் கூரை சொட்டியதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். உங்கள் பாலிசி 'ஏ' பிரிவு, எல்லா ஆபத்துக்கும் காப்பு என்று விற்றிருப்பார்கள். ஆனால் பொருளின் சொந்த இயல்பால் வரும் கேடும், சரக்கைச் சரியாகக் கட்டி அடுக்காததால் வரும் கேடும் அதே பிரிவில் விலக்கப்பட்டவை. ஈரக் கொட்டை தானே வியர்த்தது முதல் விலக்கு, பச்சைப் பலகை இரண்டாவது. அவர்களின் சர்வேயர் அந்தப் பலகையைப் பார்த்தால் நான் எழுதியதையேதான் எழுதுவார். அதற்காகப் பலகையை ஒளிக்கச் சொல்லவில்லை, படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வழி மிச்சம் உண்டு. இறக்கிய பெட்டி துறைமுக முற்றத்தில் எத்தனை நாள் நின்றது என்று கேட்டு வாங்குங்கள். வழக்கத்துக்கு மாறாகத் தாமதித்திருந்தால் பேச இடம் உண்டு. ஆனால் தாமதத்தால் வந்த நஷ்டம் என்று மட்டும் வார்த்தை போடாதீர்கள். தாமதமும் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. காத்திருக்கையில் கூரை வியர்த்துச் சரக்கு நனைந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். முழுத் தொகை வராது; பேச்சுவார்த்தையில் ஏதாவது வரலாம்.

அந்த 22 மூட்டையை வறுத்து விற்கச் சொல்ல வேண்டாம். காபிப் பூசணம் சில வகை ஆக்ரடாக்சின் என்ற நஞ்சை விடும். வறுக்கும் சூட்டில் அது குறையும், முழுதாகப் போகாது. ஐரோப்பாவில் வறுத்த காபியில் கிலோவுக்கு 3 மைக்ரோகிராம்தான் அனுமதி. நஞ்சு இல்லாவிட்டாலும் மக்கல் ருசி வறுத்த பிறகு இன்னும் எடுத்துக் காட்டும். நனைந்ததைத் தனியாக ஒதுக்கி, ஒட்டி நின்ற இரண்டாம் அடுக்கைச் சோதனைக்கு அனுப்பி, மற்றதை முழு விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி வாங்குபவரிடம் பேசுங்கள். சேதத்தை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டால் அடுத்த வருடமும் அவர் உங்களிடம் வாங்குவார். அடி வரிசை ஐந்தாறு மூட்டையையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள், அதில் பேரம் வேண்டாம்.

கடைசியாகக் குடோன். அட்டைப்பெட்டி அடியில் தொய்கிறது என்றால் முதலில் தரையைச் சந்தேகப்படுங்கள். ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பாலிதீனை வெட்டி, தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி, சாயங்காலம் விட்டுக் காலையில் பாருங்கள். அடிப்பக்கம் முத்து கட்டியிருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. வீட்டுக்காரரிடம் பேச வேண்டியது அது. மேல்பக்கம் ஈரமாக இருந்தால் காற்றிலிருந்து படிகிறது. மழை பெய்த ராத்திரியில் காற்றாடட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பதை நிறுத்துங்கள், வெளியே ஈரமாக இருக்கும்போது திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். வெயில் ஏறிக் காற்று காய்ந்த பிறகு மத்தியானம் திறந்தால் போதும். எதுவானாலும் பெட்டி தரையிலிருந்து அரை அடி உயரத்திலும் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியும் இருக்கட்டும். ஈரம் ஏறிய அட்டை பாதி பலத்தை இழந்துவிடும். அதனால் எட்டு அடுக்கு வைக்கிறீர்கள் என்றால், மழைக்காலத்தில் அதை ஐந்தாகக் குறையுங்கள்.

உங்கள் தூளில் சிக்கரி கலக்கிறீர்களா என்று எழுதவில்லை. கலந்தால் பாக்கெட்டின் சீலையும் ஒருமுறை பாருங்கள். சிக்கரி ஈரத்தை இழுப்பதில் காபியைவிடப் பெரிய ஆள், ஊசித் துளை இருந்தாலும் கட்டி பிடித்துவிடும். ஒரு வாளித் தண்ணீருக்குள் பாக்கெட்டை அமுக்கிப் பிடித்தால் எந்த மூலையில் குமிழ் வருகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.